சரி என்று சொன்னது யார்?

ஏற்காட்டில் நடந்த அந்த ஒன்றரை நாள் கருத்தரங்குக்கு மொத்தம் நாற்பது பேர் வந்திருந்தால் அதிகம். மூளையிலிருந்து நேராகப் பேச்சை எடுத்து வெளியே கேட்கச் செய்வது எப்படி என்பது தலைப்பு. துறை புதிது. பெரிய மாநாடு கூட்டினால் அரங்கம் காலியாகக் கிடக்கும். கூட்டாமல் விட்டால் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள். அதனால் சின்னதாக ஒன்று. ஒருவருக்குப் பதினைந்து நிமிடப் பேச்சு, அதைவிட நீளமான கேள்வி நேரம், நடுநடுவே டீ.

டாக்டர் ஜெசிந்தாவுக்கு இந்த மாதிரிக் கூட்டங்கள்தான் பிடிக்கும். மருந்துக் கம்பெனிகளின் கடைவிரிப்பு இருக்காது. பாதி முடிந்த வேலையைக் கூச்சமில்லாமல் எடுத்து வைக்கலாம். எங்கே தப்பு என்று யாராவது முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார்கள்.

இந்த முறை அவள் தனியாக வரவில்லை. பொன்னுரங்கத்தையும் அவர் மனைவி சாந்தாமணியையும் சேலத்திலிருந்து வேனில் கூட்டி வந்திருந்தாள்.

பொன்னுரங்கம் கபடி வர்ணனையாளர். சேலம், நாமக்கல், ஈரோடு வட்டாரத்தில் எந்த ஊரில் ஆட்டம் நடந்தாலும் மைக் அவர் கையில்தான் இருக்கும். தோற்ற அணிக்காரன்கூட அவர் தன்னைப் பற்றி என்ன சொன்னார் என்று கேட்டுவிட்டுத்தான் ஊருக்குப் போவான். அப்படிப்பட்டவருக்கு ஐம்பத்து நான்காவது வயதில் பக்கவாதம் வந்தது. கை காலில் ஓரளவு தெம்பு திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. எதிராளி சொல்வது புரியும், பதில் மனதில் இருக்கும், வாய்க்கு வராது. எழுத்தும் போய்விட்டது. தலையாட்டுவதைக்கூட நம்ப முடியவில்லை. ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் அவர் தலை ஒரே மாதிரி ஆடியது.

ஜெசிந்தாவின் குழு அவர் மண்டையோட்டுக்கு அடியில் நகம் அளவில் ஒரு மெல்லிய வலையைப் பதித்தது. சட்டைக் காலரில் தீப்பெட்டி போல ஒரு பெட்டி. மூளையில் எழும் சொற்களை அது பிடித்து, அவருடைய பழைய குரலிலேயே பேசியது. அவர் சொல்ல நினைக்காத எதையாவது பெட்டி சொல்லிவிட்டால் இடது கண்ணை இறுக மூடினால் போதும், பேச்சு நின்றுவிடும். பெட்டி வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

முதல் நாள் காலை, மூன்றாவது பேச்சு ஜெசிந்தாவுடையது. அவள் நாலு படங்களைக் காட்டிவிட்டு, "மீதியை இவரே சொல்லுவார்" என்று ஒதுங்கிக்கொண்டாள். மேடையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பொன்னுரங்கத்தின் உதடு அசையவில்லை. குரல் மட்டும் கணீரென்று வந்தது.

"வணக்கம் வணக்கம்! மலை மேல கூடியிருக்கிற மருத்துவப் பெருமக்களே! குளிரு ஒரு பக்கம் புடிச்சு இழுக்குது, உங்களப் பாத்த சந்தோசம் இன்னொரு பக்கம் புடிச்சு இழுக்குது!"

அரங்கம் கை தட்டியது. முன்வரிசையில் பட்டுப் புடவையில் உட்கார்ந்திருந்த சாந்தாமணி, ஏதோ தானே பேசி முடித்ததுபோல வெட்கப்பட்டாள்.

கேள்வி நேரத்தில் முதலில் எழுந்தவர் டாக்டர் சீதாபதி. சென்னையில் முப்பது வருடமாக மூளை நரம்பு மருத்துவம் பார்ப்பவர். அவர் ஜெசிந்தாவைக் கேட்கவில்லை.

"அம்மா, நான் உங்களைத்தான் கேக்கணும். இந்தப் பெட்டி வந்த அப்புறம் வீட்ல என்ன மாறியிருக்கு?"

சாந்தாமணிக்கு யாரோ மைக்கைக் கொடுத்தார்கள். முதலில் தயங்கினாள். பிறகு சரளமாக வந்துவிட்டது.

"எல்லாமே மாறிருச்சுங்க ஐயா. முன்னெல்லாம் பேச்சு பூராவும் மைதானத்துல கொட்டிட்டு, ஊட்டுக்கு வந்தா உம்முன்னுதான் இருப்பாரு. இப்ப காலைல எந்திரிச்சதும், 'சாந்தா, நல்லாத் தூங்குனியா'ங்கறாரு. கொழம்பு வச்சா, 'பிரமாதம் பிரமாதம்'ங்கறாரு. கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து நான் கேட்டதில்லீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில் அவள் தொடர்ந்தாள்.

"எம் பொண்ணு கல்யாணத்துக்கே சம்மதிச்சுட்டாருன்னா பாத்துக்கங்களேன். வேற சாதிப் பையன். முன்னாடியெல்லாம் அந்தப் பேச்சை எடுத்தாலே எந்திரிச்சு வெளிய போயிருவாரு. ரெண்டு மாசம் முந்தி புள்ள வந்து மறுபடியும் கேட்டா. 'நல்லா இருங்க கண்ணு, ஜோரா நடத்திருவோம்'னாரு. அவ அப்படியே கால்ல விழுந்து அழுதுட்டா."

சீதாபதி கண்ணாடியைக் கழற்றி நெற்றிக்கு ஏற்றினார்.

"அதை அவரேதான் சொன்னாரா?"

"அவரேதாங்க. அவரு கொரல்தான்."

"குரல் அவரோடதுதாம்மா, சந்தேகமில்ல." அவர் மேடைப் பக்கம் திரும்பினார். "ஜெசிந்தா, ஊகம் எவ்வளவுல வெச்சிருக்கீங்க?"

"ஏழு சார்."

"அப்படின்னா? அம்மாவுக்கும் புரியற மாதிரி சொல்லுங்க."

"அவர் மூளையிலேர்ந்து எல்லா வார்த்தையும் தெளிவா கிடைக்கறதில்ல. பத்து வார்த்தைன்னா மூணுதான் பளிச்சுன்னு கிடைக்கும். மீதி ஏழைப் பெட்டி ஊகிச்சு நிரப்பிக்கும். நிரப்பலைன்னா ஒவ்வொரு வார்த்தைக்கும் ரொம்ப நேரம் காத்திருக்கணும்."

"எதை வெச்சு நிரப்புது?"

"அவரோட பழைய பேச்சை வெச்சு. நிறைய பதிவு இருந்தது."

"என்ன பேச்சு அது?"

"கபடி வர்ணனை."

"அதுல 'வேண்டாம்'ங்கற வார்த்தை எத்தனை தடவை வந்திருக்கும்?"

இந்தக் கேள்வியை ஜெசிந்தா தன்னிடம் கேட்டுக்கொண்டதே இல்லை. "பிடிக்கலைன்னா அவர் கண்ணை மூடி நிறுத்திக்கலாம் சார்" என்றாள்.

"நிறுத்தலைங்கறதும் சம்மதம்ங்கறதும் ஒண்ணாம்மா?"

அப்போது பொன்னுரங்கத்தின் காலரிலிருந்து குரல் வந்தது: "அருமையான கேள்வி! சபாஷ், சரியான புடி!"

யாரும் சிரிக்கவில்லை. அதைச் சொன்னது அவரா, பெட்டியா என்று அந்த அரங்கில் ஒருவருக்கும் தெரியவில்லை. தலைமை தாங்கியவர் டீ இடைவேளை என்று அறிவித்தார்.

சாந்தாமணி வெளியே வந்து, சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால் இருந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிரே சரிவு முழுக்கக் காப்பிச் செடிகள். ஜெசிந்தா இரண்டு டம்ளர் டீயோடு வந்து பக்கத்தில் அமர்ந்தாள்.

"எங்களக் கீழ எறக்கி உட்ருங்க டாக்டரம்மா. நாங்க போயிக்கறோம்."

"ஊகத்தைப் பூஜ்யத்துல வெச்சு ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்த்துடலாம்மா. அப்ப வர்ற வார்த்தை முழுக்க அவரோடதா இருக்கும்."

"எதுக்குக் கேக்கணும்?" சாந்தாமணியின் குரல் உயர்ந்தது. "வேணாம்னு சொல்லிட்டாருன்னா? எம்புள்ள மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது? பொட்டி பொய்யே சொல்லியிருக்கட்டுங்க. அந்தப் பொய்யாலதான எங்கூட்டுல சிரிப்பு வந்துச்சு!"

ஜெசிந்தாவுக்கும் பயம் இருந்தது. இந்தக் கருத்தரங்கு நல்ல வார்த்தை சொன்னால், அடுத்த கட்டமாக இருநூறு பேருக்குப் பெட்டி பொருத்த அனுமதி கிடைக்கும். பொன்னுரங்கம் 'நான் சொல்லவில்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் நின்றுபோகும்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கும்மா" என்று மட்டும் சொன்னாள்.

சாந்தாமணி தூரத்தில் பார்த்தாள். முற்றத்து வெயிலில் கணவர் உட்கார்ந்திருந்தார். சுற்றி நாலைந்து டாக்டர்கள். பெட்டி உற்சாகமாக எதையோ பேசிக்கொண்டிருந்தது. அவர்கள் தலையாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் பொன்னுரங்கம் அவர்களைப் பார்க்கவில்லை. கையில் இருந்த டீ ஆறிக்கொண்டிருக்க, வேலிக்கு அப்பால் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். தன் காலரில் நடக்கும் பேச்சு முடியட்டும் என்று காத்திருப்பவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

சாந்தாமணி நெடுநேரம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாக அந்தக் குரலை அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அது பேசும்போது இந்த முகம் என்ன செய்கிறது என்று கவனித்ததில்லை.

"பேசறது அது" என்றாள் மெதுவாக. "இவரு தனியா உக்காந்திருக்காரு." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "வாங்க. கேட்டுரலாம்."

மற்றவர்களை விலகச் சொல்லிவிட்டு, அவரைப் பெஞ்சுக்கு அழைத்து வந்தார்கள். என்ன செய்யப்போகிறோம் என்று ஜெசிந்தா அவரிடம் விளக்கினாள். தன் போனில் ஊகத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கினாள். பெட்டி அடங்கியது. பொன்னுரங்கம் ஒரு முறை ஆழமாக மூச்சு விட்டார்.

சாந்தாமணி அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, தர்ஷினி கல்யாணத்துக்குச் சரின்னீங்களே, அது நீங்க சொன்னதா?"

காப்பிச் செடிகளுக்குள் ஏதோ பறவை கத்தி ஓய்ந்தது. உள்ளே தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, வர்ணனையின் கணீர் இல்லாமல், தணிந்து ஒரு சொல் வந்தது.

"இல்ல."

சாந்தாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் முடிக்கவில்லை என்பது ஜெசிந்தாவுக்குத் தெரிந்தது. அவர் புருவம் சுருங்கியே இருந்தது. அவள் காத்திருக்கும்படி சாந்தாமணிக்குக் கையால் சைகை காட்டினாள்.

"வேணாம்னு... சொல்ல... வந்தேன்."

"கண்ண மூடியிருக்கலாமில்லீங்க? நின்னுருக்குமில்ல?"

"மூட... போனேன்." அவர் கண் கலங்கியது. "புள்ள... சிரிச்சா. கால... புடிச்சா."

அடுத்த சொற்கள் வர இன்னும் நேரமாயிற்று. யாரோ கூப்பிட வந்தவர், இவர்களைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

"படுத்ததுலருந்து... என்னப் பாத்து... யாரும்... சிரிக்கல. மூடல."

சாந்தாமணி அவர் முழங்காலில் கை வைத்தாள். கேட்காமல் எழுந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியிருக்க வேண்டும். கேட்டாள்.

"இப்ப என்னங்க சொல்றீங்க?"

அவர் வானத்தைப் பார்த்தார், செடிகளைப் பார்த்தார், கடைசியில் மனைவியைப் பார்த்தார்.

"இப்ப... நான்... சொல்றேன். சரி."

சாந்தாமணி வாய்விட்டு அழுதாள். அவர் இடது கையைத் தூக்கி அவள் தலைமேல் வைத்தார். வைத்தபடியே இன்னொன்றும் சொன்னார்: "அவகிட்ட... நானே... சொல்லணும்."

இடைவேளைக்குப் பிறகு ஜெசிந்தா மேடைக்குப் போனபோது மீதிப் படங்களைக் காட்டவில்லை. நடந்ததைப் பொன்னுரங்கத்தின் அனுமதியோடு அப்படியே சொன்னாள்.

"பெட்டி அவர் சொல்ல வந்ததுக்கு நேர் எதிரா பேசியிருக்கு. நல்லபடியா முடிஞ்சது அவரோட பெரிய மனசால. பெட்டியோட கெட்டிக்காரத்தனத்தால இல்ல. நாளைக்கு ஒரு நோயாளிகிட்ட ஆபரேஷனுக்குச் சம்மதமான்னு கேப்போம். அவர் வேண்டாம்னு நினைப்பார். பெட்டி 'ஜோரா நடத்திருவோம்'னு சொல்லும். நாமளும் கையைக் கழுவிட்டு உள்ள போயிடுவோம். அடுத்த கட்டத்துக்கு நான் அனுமதி கேக்கல. எனக்கு இன்னும் நேரம் வேணும்."

பின்வரிசையிலிருந்து ஓர் இளம் ஆராய்ச்சியாளர் எழுந்தார். "மேடம், ஒரு விதத்துல பாத்தா பெட்டி அவரை நல்ல முடிவுக்குத்தானே கொண்டு போயிருக்கு? அதுல என்ன தப்பு?"

ஜெசிந்தா வாய் திறப்பதற்குள் பொன்னுரங்கம் கையை உயர்த்தினார். ஊகம் இன்னும் பூஜ்யத்திலேயே இருந்தது. அரங்கம் காத்திருந்தது. பேச்சாளரின் நேரம் முடிந்தால் அடிக்கும் மணி தலைவரின் மேசைமேல் இருந்தது. நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. தலைவர் அந்த மணியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"நல்லதே... ஆனாலும்..." என்று வந்தது குரல். பிறகு நீண்ட இடைவெளி. "என்னக் கேட்டு... நடக்கட்டும்."

இளைஞர் உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலையும் மறுநாள் காலையும் திட்டமிட்டிருந்த பேச்சுகளில் பாதி நடக்கவில்லை. எல்லோரும் இதையே பேசினார்கள். ஆம், இல்லை என்று முடிவு சொல்ல வேண்டிய இடத்தில் ஊகம் பூஜ்யத்தில்தான் இருக்க வேண்டும், ஒரு கேள்வியை இரண்டு முறை வேறு வேறு விதமாகக் கேட்க வேண்டும் என்று தீர்மானம் எழுதினார்கள். பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒலிப் பொறியாளர் ஒருவர் எளிமையாக ஒன்று சொன்னார்: அவருடைய சொந்தச் சொற்கள் மட்டும் அவர் குரலில் வரட்டும், பெட்டி நிரப்பும் சொற்கள் வேறொரு மொட்டைக் குரலில் வரட்டும். கேட்பவருக்கு எது யாருடையது என்று தெரிந்துவிடுமே. இவ்வளவு சுலபமான ஒன்று தனக்கு ஏன் தோன்றவில்லை என்று ஜெசிந்தா தலையில் அடித்துக்கொண்டாள். இருநூறு பேருக்கான திட்டம் தள்ளிப்போனது. ஆனாலும் மலை இறங்கும்போது வேனில் அவள்தான் எல்லோரையும்விட நன்றாகத் தூங்கினாள்.

சேலத்தில், பொன்னுரங்கத்தின் வீட்டில், பெட்டி பூஜ்யத்திலேயே இருந்தது. அடுத்த தெருவிலிருந்து வர்ணனை கேட்க வருகிறவர்களுக்குத்தான் ஏமாற்றம். டீவியில் ஆட்டம் ஓடும்போது மட்டும் அவரே மனைவியிடம் ஏழு விரலைக் காட்டுவார். ஆட்டம் முடிகிற வரை வீடு கிடுகிடுக்கும். முடிந்ததும் மறுபடி பூஜ்யம். குழம்பைப் பிரமாதம் என்று யாரும் சொல்வதில்லை. ஒரு நாள் அவர் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, ஈசிச்சேரில் சாய்ந்த பிறகு, "உப்பு... கம்மி" என்ற இரண்டு சொற்கள் வந்து சேர்ந்தன. சாந்தாமணி அதை அக்கம்பக்கத்தில் ஒரு வீடு விடாமல் சொல்லிச் சிரித்தாள்.

ஓசூரில் மருந்தாளராக வேலை பார்க்கும் தர்ஷினி அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தாள். சாந்தாமணி அவளிடம் முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை. அப்பாவுக்கு எதிரே உட்காரவைத்தாள், அவ்வளவுதான்.

அவர் சொல்ல ஆரம்பித்தார். அன்று வேண்டாம் என்று நினைத்தது, பெட்டி சரி என்றது, தான் நிறுத்தாதது, இப்போது தானே சொல்வது. மலைமேல் சொன்னதைவிட இப்போது இன்னும் மெதுவாக வந்தது. தர்ஷினி ஒரு சொல்லுக்கும் குறுக்கே பேசவில்லை. அவர் முடித்ததும் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"தெரியும்ப்பா" என்றாள்.

சாந்தாமணி திகைத்தாள். "என்னடி தெரியும்?"

"அன்னிக்குப் பேசினது பெட்டின்னு. ஸ்கூல் டூருக்குக் கேட்டாலே அப்பா ஒரு வாரம் யோசிப்பாரு. கல்யாணத்துக்கு அரை நிமிசத்துல சரின்னா நான் நம்பிருவனா?"

"அப்பறம் எதுக்குடி கால்ல உழுந்து அழுத?"

"நம்பணும்னு ஆசையா இருந்துச்சும்மா."

பொன்னுரங்கத்தின் தோள் குலுங்கியது. பக்கவாதம் வந்த பிறகு அவர் சிரிப்பு இப்படித்தான், சத்தமே இருக்காது. சிரித்து முடித்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"அவன... கூட்டிட்டு... வா."

தர்ஷினி தலையைக் குனிந்துகொண்டாள். "இங்கதாம்ப்பா இருக்காரு."

"எங்கடி?" என்றாள் சாந்தாமணி. "லீவு கெடைக்கல, வரமுடியலைன்னு நீதான சொன்ன?"

"தெருமுனை டீக்கடையிலம்மா. ஒவ்வொரு தடவையும் என்கூட பஸ் ஏறி வருவாரு. நான் திரும்பி வர்ற வரைக்கும் அங்கயே உக்காந்திருப்பாரு. நான்தான் 'சரின்னுட்டாங்களே, வாங்க'ன்னு கூப்பிடுவேன். 'உங்கப்பா கூப்பிடட்டும் வர்றேன், பெட்டி கூப்பிட்டு வரமாட்டேன்'னுட்டாரு."

"இத்தன நாளும் டீக்கடையிலயா! அந்தாளு கடை டீயக் குடிச்சா வயிறு என்னத்துக்கு ஆகும்? ஓடிப்போயிக் கூட்டிட்டு வாடி!"

தர்ஷினி செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள். திரும்பி வந்தபோது அவளுக்குப் பின்னால் ஒல்லியாக, உயரமாக, கையில் ஒரு ஆப்பிள் பையோடு இளம்பரிதி வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். உள்ளே வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் கதவருகிலேயே நின்றான். "வணக்கம் மாமா" என்றான்.

பொன்னுரங்கம் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். புருவம் சுருங்கியது. அவர் ஏதோ சொல்லப்போகிறார் என்று தெரிந்தது. என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. தர்ஷினி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இளம்பரிதி மட்டும் பதறவில்லை. டீக்கடை பெஞ்சில் பழகிய பொறுமை அவனுக்கு இருந்தது.

"உக்காரு" என்று ஒரு சொல் வந்து சேர்ந்தபோது, சாந்தாமணி சமையலறையில் இன்னொரு டம்ளர் அரிசியைக் களைந்து முடித்திருந்தாள்.